பிரைமர் போடாத வெள்ளை

“என் வண்டியோட மூக்கு எங்கடா?”

“அக்கா, சத்தம் போடாத. கீழ கேக்குது.”

“கேக்கட்டும். மூக்கு எங்க?”

“காயுது.”

“காயுதா? மூக்கு என்ன பனியனா, காயறதுக்கு?”

மாடிப்படியின் நடுவில் அக்கா நின்றாள். மூன்று படி மேலே வழியை மறித்துக்கொண்டு தம்பி நின்றான். அவன் உள்ளங்கை வெள்ளை, புருவம் வெள்ளை, காது மடலில்கூட ஒரு வெள்ளைப் பொட்டு. அவன் முதுகுக்குப் பின்னால் மொட்டை மாடிக் கதவு திறந்திருக்க, அது வழியாகப் பெயிண்ட் நெடி ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

படிக்குக் கீழே, வண்டி நிறுத்தும் இடத்தில், அவளுடைய ஸ்கூட்டர் தோலுரித்துக் கிடந்தது. மூக்கு இல்லை, விலா இல்லை, முன்சக்கரத்து மட்கார்டு இல்லை. ஒயரும் ஹாரனும் பேட்டரியும் வெளியே தெரிய, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வை நழுவிப்போன நோயாளியைப் போலக் கூச்சத்தோடு சாய்ந்து நின்றது. கீழ்வீட்டு டெய்லர் தன் தையல் மெஷினை நிறுத்திவிட்டாள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் ஓடினால் வசனம் கேட்காது.

அந்தத் தெருவில் இவளைக் கலரக்கா என்றுதான் சொல்வார்கள். பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மெஷினுக்கு அவள்தான் அதிகாரி. ஒருவர் சட்டைப் பித்தானைக் கொண்டுவருவார், இன்னொருவர் உடைந்த டைல்ஸ் துண்டைக் கொண்டுவருவார், ஒரு மகராசி தன் மருமகளின் உதட்டுச்சாயத்தையே கொண்டுவந்து சமையலறைச் சுவருக்கு இதே கலர் வேண்டும் என்று நின்றிருக்கிறாள். கலரக்கா கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை பார்ப்பாள், கொஞ்சம் கறுப்பு, ஒரு சொட்டு மஞ்சள் என்பாள், டப்பாவைக் குலுக்கித் திறந்தால் அச்சாக அதே கலர் இருக்கும். முப்பத்தாறு வயது. வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் அபிப்பிராயம். கை சுத்தம் என்பதிலும் யாருக்கும் மறுப்பு இல்லை.

தம்பி எட்டு வயது இளையவன். செல்போன் கடையில் வேலை. முதலாளி அறுவை சிகிச்சைக்குப் போயிருந்த நாற்பத்தோரு நாள் கல்லாவில் உட்கார்ந்தான். அதிலிருந்து தெரு அவனை மேனேஜர் என்கிறது. அவன் அதைக் கிண்டல் என்று இன்றுவரை எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால் இந்த மேனேஜர்தான் வந்து, “அக்கா, உன் வண்டி பிரேக் சரியில்ல. நான் பாத்து வைக்கறேன், ஒரு வாரம் பஸ்ல போ,” என்றான். தம்பிக்குத் தன் மேல் அக்கறை வந்துவிட்டதே என்று அவளும் நெகிழ்ந்துபோய்ச் சாவியைக் கொடுத்தாள். இன்று கடையில் கலர் மெஷின் மக்கர் செய்யவே, முதலாளி அவளை மதியத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மெஷின் மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தால் எல்லாம் காய்ந்து முடிந்திருக்கும்.

தம்பியின் தோளை ஒரு இடி இடித்து விலக்கிவிட்டு அவள் மேலே போனாள்.

துணி காயப்போடும் கம்பியில் மூக்கு தொங்கியது. பக்கத்தில் மட்கார்டு, ஹெட்லைட்டின் முகமூடி, இடது விலா, எல்லாம் வெள்ளை. ஒன்பது வருடமாக மெரூனில் ஓடிய வண்டி. வலது விலா ஒன்றுதான் இன்னும் மெரூனாக, அம்மாவின் மடியில் கிடந்தது. அம்மா அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். டிவி ஸ்டாண்டையும் கண்ணாடி அலமாரியையும் வாரம் ஒருமுறை பளபளக்க வைக்கும் அதே பாலிஷ் ஸ்ப்ரே பக்கத்தில் இருந்தது.

“நீ ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்த?” என்றாள் அம்மா.

அகப்பட்டவர்கள் கேட்கிற முதல் கேள்வி எந்த வீட்டிலும் இதுதான்.

“என்னம்மா நடக்குது இங்க?”

“எதுக்கு இப்படிக் கத்தற? உனக்குத்தான் புதுசு பண்ணித் தர்றான். நீ பாத்து அசந்து போகணும்னு சொல்லாம பண்றான். தம்பி ஆசையா ஒண்ணு செஞ்சா அதுக்கும் ஒரு சண்டை.”

“எனக்கா? எனக்கு வெள்ளை வண்டி ஆகாதுன்னு தெருவுக்கே தெரியும். ஒரு மழைக்குத் தாங்காது. கடைக்கு வர்றவங்களுக்கே நான் வேணாம்னு சொல்லுவேன்.”

அம்மா தம்பியைப் பார்த்தாள். தம்பி கம்பியைப் பார்த்தான். கலரக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கலர் பிரித்துப் பார்த்தே பழகிய கண். எதில் எது கலந்திருக்கிறது என்று அதற்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

“வெள்ளை யாருக்குப் பிடிக்கும்?” என்றாள்.

அம்மா ஸ்ப்ரேயை எடுத்து விலாவில் இன்னொரு தடவை அடித்தாள்.

“கண்ணாடிக்கடைப் பொண்ணுக்கா?”

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கும் மேனேஜருக்கும் கல்யாணம் நிச்சயமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் கல்யாணம். அமைதியான பெண், ஆளை நேராகப் பார்த்துப் பேசும். எதிரே இருப்பவரின் பவர் எவ்வளவு என்று மனசுக்குள் அளந்துகொண்டிருப்பதுபோல் ஒரு பார்வை.

“அவ கடை ஊருக்கு அந்தக் கோடில இருக்குக்கா,” என்று தம்பி ஆரம்பித்தான். “ரெண்டு பஸ் மாறணும். கல்யாணத்துக்கு அப்புறம் இங்கேருந்து இன்னும் தூரம். நான் ஒரு வண்டி ஏற்பாடு பண்றேன்னு வாய விட்டுட்டேன்.”

“வாய விட்டது நீ. வண்டி எதுக்குடா என்னுது?”

இங்கேதான் அம்மா நடுவில் புகுந்தாள். அவள் புகாமல் இருந்திருந்தால் பேச்சு பேச்சோடு போயிருக்கும்.

“உனக்கு எதுக்குடி வண்டி? கடை, வீடு. வீடு, கடை. நீ எங்க போகப் போற? பஸ் தெருமுனையிலயே நிக்குது. அது சின்னப் பொண்ணு, நாளைக்குக் குடும்பம் குழந்தைன்னு நாலு இடம் போகணும்.”

விலாவைத் துடைத்தபடி, கீரையில் உப்பு குறைவு என்பதுபோல அவள் இதைச் சொன்னாள். கலரக்காவுக்குக் காது அடைத்தது. ஒன்பது வருடம் அந்த வண்டியில்தான் அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள், தம்பியைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் இறக்கினாள், மழையில் நனைந்து காஸ் சிலிண்டர் கொண்டுவந்தாள். அது போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே நேர்ரோட்டில் போய், எங்கேயும் நிற்காமல் திரும்பி வருவாள். எங்கே போனாய் என்று கேட்டால் சும்மா என்பாள். அந்தச் சும்மாவைத்தான் இவர்கள் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள்.

“என் வண்டியை எடுக்க நீங்க யாரு?” என்றாள். குரல் இப்போது மெதுவாக வந்தது. தெரிந்தவர்கள் அவளுடைய இந்தக் குரலுக்குத்தான் பயப்படுவார்கள்.

தம்பிக்கு அது உறைக்கவில்லை. “வண்டி யார் பேர்ல இருக்குக்கா?” என்றான்.

கீழே டெய்லர் கத்தரிக்கோலைக்கூட மேஜைமேல் வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். வண்டி வாங்கினது கலரக்கா, அவளுடைய சம்பளத்தில். பதிவு செய்யப் போன அன்று அம்மா, “பொம்பளைப் பேர்ல எதுக்கு, வழியில எவனாவது நிறுத்திக் கேட்டா? ஒரு ஆம்பளைப் பேரா இருக்கட்டும்,” என்றாள். வீட்டில் இருந்த ஆம்பளை அப்போது பத்தொன்பது வயது, அரும்பு மீசை, வண்டி ஓட்ட லைசென்ஸ்கூட இல்லை. பேர்தானே என்று கலரக்கா அவன் பேரையே எழுதிக் கொடுத்தாள். ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் காகிதத்தைப் பார்ப்பதில்லை. பார்க்கிற நாள் வரும்போது தட்டு இரண்டாகியிருக்கும்.

கலரக்கா கம்பியில் தொங்கிய மூக்கின் அருகே போய்க் குனிந்து பார்த்தாள். காலி டப்பா ஒன்றை எடுத்துத் திருப்பிப் படித்தாள். இரும்புக் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற ஸ்ப்ரே, தெருமுனை ஹார்டுவேரில் வாங்கியது. தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள் ஒரே ஒன்று, அதுவும் மூலை மடங்காமல் புதுசாகக் கிடந்தது. தேய்த்தால் பிளாஸ்டிக் மங்கிப்போகிறதே என்று பாதியில் விட்டிருப்பான். பிளாஸ்டிக் பிரைமர் டப்பாவை எங்கேயும் காணவில்லை.

ஏன் இல்லை என்பதும் அவளுக்கு உடனே விளங்கியது. அந்த வட்டாரத்தில் பிளாஸ்டிக் பிரைமர் கிடைக்கிற ஒரே இடம் அவளுடைய கடை. அதை விற்கிற ஒரே ஆள் அவள். திருட்டு வேலைக்குச் சாமான் வாங்க அவளிடமே போய் நிற்க முடியுமா? ஒரு டப்பா பிரைமர் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போகிறது என்று அம்மாவும் பிள்ளையும் முடிவு கட்டியிருந்தார்கள்.

குடி முழுகத்தான் செய்யும். பிரைமர் இல்லாமல் வழுவழு பிளாஸ்டிக்கில் பெயிண்ட் பிடிக்காது, மேலே படுத்துத்தான் இருக்கும். போதாக்குறைக்கு அம்மா பாலிஷ் போட்டு வழுக்குமரமாக்கியிருக்கிறாள். இது எண்ணெய்த் தலையில் பொட்டு ஒட்டுகிற கதை. இதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். பதினாலு வருடம் கடையில் நின்ற வாய். யார் தப்பாக அடித்தாலும் பொறுக்காமல் சொல்லித்தான் பழக்கம். வார்த்தை நுனிநாக்குவரை வந்தது.

அப்போது அம்மா, “பாத்தியா, எவ்வளவு லட்சணமா இருக்கு. இத்தனை நாள் அழுக்கு மூட்டையா வச்சிருந்த,” என்றாள்.

வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

“எத்தனை டப்பா வாங்கின?” என்று தம்பியைக் கேட்டாள்.

“ஆறு.”

“இன்னும் ரெண்டு வாங்கு. கோட்டு மெலிசா இருக்கு.”

அவன் முகம் மலர்ந்தது. அக்கா சமாதானத்துக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தான். மெலிசான பூச்சு தூள் தூளாகத்தான் உதிரும், தடித்த பூச்சுதான் ஏடு ஏடாக உரியும் என்று யார் அவனுக்குச் சொல்வது. சொல்லக்கூடிய ஒரே ஆள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த நாட்களில் அந்த வீட்டில் கதவுகள்தான் பேசின. கலரக்கா தனக்கு மட்டும் சமைத்தாள், தன் தட்டை மட்டும் கழுவினாள், அம்மா எதிரே வந்தால் சுவரோடு பேசினாள். பஸ்ஸில் ஒரு காலில் நின்றபடி போனாள். கடையில் ஒரு கிழவர் இளம் கிரீம் கேட்டார். அவள் கொடுத்தது கடுகு மஞ்சள். இரண்டு டப்பா அடித்துவிட்டுத் திரும்பி வந்தவர், “அம்மா, என் வீடு மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு,” என்றார். பதினாலு வருடத்தில் அவள் கையால் கலர் மாறியது அதுதான் முதல் தடவை. இந்தப் பழியையும் அவள் தம்பி தலையில்தான் ஏற்றிவைத்தாள்.

வண்டியோ, குறை சொல்லக் கூடாது, பார்க்க ஜோராகத்தான் இருந்தது. பொருத்தும்போது ஒரு கொக்கியை உடைத்துவிட்டதால் இடது விலா ஓட்டத்தில் கடகடக்கும், அவ்வளவுதான். மேனேஜர் அதில் தெருவை மூன்று சுற்றுச் சுற்றினான். எல்லாரும் புது வண்டியா என்று கேட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த வண்டியைப் புதிதா என்று கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. கீழ்வீட்டு டெய்லர் மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ ஒரு ஆபீசுக்காக அவள் தைத்து மாடியில் காயப்போட்டிருந்த கறுப்புத் திரைச்சீலையில் நட்சத்திரம் நட்சத்திரமாக வெள்ளை விழுந்திருந்தது. “வானமே வந்துருச்சு, நிலா ஒண்ணுதான் பாக்கி,” என்று அதைக் கொண்டுவந்து மேனேஜர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். அந்த வாரமே வண்டி கண்ணாடிக்கடைப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது.

பத்து நாள் கழித்து, ஒரு மதியம், அந்தப் பெண் பெயிண்ட் கடைக்குள் வந்தாள். கையில் ஹெல்மெட். முகத்தில் சிரிப்பு இல்லை. டைல்ஸ் துண்டோடு நின்றுகொண்டிருந்த ஒருவரைத் தாண்டி வந்து, கவுன்டரில் ஒரு பொருளை வைத்தாள்.

அது ஒரு வெள்ளை ஏடு, உள்ளங்கை அகலம். ஒரு மூலையில் அவள் வேலை செய்யும் கடையின் பார்க்கிங் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஸ்டிக்கர் கோணலா ஒட்டிட்டேன்னு பிரிச்சேன்,” என்றாள். “இது கூடவே வந்துருச்சு. இது என்னக்கா?”

“பெயிண்ட்.”

“அது எனக்கும் தெரியுது. அதுக்கு அடியில மெரூன் இருக்கு. மெரூன்ல இந்தக் கடையோட பேரு இருக்கு, எழுத்து எழுத்தா.”

கலரக்காவின் வண்டி விலாவில் கடையின் பேர், எழுத்து எழுத்தாக வெட்டிய ஸ்டிக்கராக ஏழு வருடம் ஒட்டியிருந்தது. தம்பி அதைச் சுரண்டி எடுத்துவிட்டான். ஆனால் சுற்றிலும் இருந்த மெரூன் வெயிலில் வெளுத்துப்போக, ஸ்டிக்கர் மறைத்த இடம் மட்டும் பழைய அடர்த்தியிலேயே நின்றுவிட்டது. வெயில் எழுதிவைத்ததைச் சுரண்டி எடுக்க முடியாது.

“இது யாரோ ஃப்ரெண்டுகிட்ட வாங்கினதுன்னு அவர் சொன்னாரு. உங்க வண்டிய நீங்க எப்பவோ வித்துட்டீங்கன்னு சொன்னாரு. உங்களுக்கு முட்டி வலி, ஓட்ட முடியலன்னு.”

“எந்த முட்டியாம்?”

“ரெண்டும்னு சொன்னாரு.”

டைல்ஸ்காரர் எட்டிக் கலரக்காவின் முட்டிகளைப் பார்த்தார்.

“அப்ப இது உங்க வண்டிதான்,” என்றாள் அந்தப் பெண்.

“காகிதத்துல அவன் வண்டி.”

“நான் காகிதத்தைக் கேக்கல.”

“என் வண்டிதான்.”

அந்தப் பெண் ஏட்டை ஒரு விரலால் திருப்பிப் போட்டாள். “எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சுக்கா. அதான் இன்னும் எரியுது,” என்றாள். பிறகு, “ஏன் இப்படி உரியுது?” என்றாள்.

“பிரைமர் போடல. அம்மா பாலிஷ் வேற போட்டு வச்சாங்க.”

“அது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

கலரக்கா பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கண் எதிரே முடியவில்லை. “அடிச்சிட்டு இருக்கும்போதே தெரியும்.”

“தெரிஞ்சும் சொல்லல.”

“கோவம். இன்னும் தடிமனா அடின்னு வேற சொல்லிட்டு வந்தேன்.”

“சரி. அவர் மேல உங்களுக்குக் கோவம், நியாயம். உரிஞ்சா யார் முன்னாடி உரியும்? என் கடை வாசல்ல, என் கூட வேலை பாக்கறவங்க முன்னாடி. அவங்க சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சிட்டு இங்க வந்தேன்.”

“உன்னை நான் நினைக்கலம்மா.”

“அதான் சொல்றேன். ஒருத்தரும் என்னை நினைக்கல. ஆனா எல்லாம் எனக்காகத்தான் பண்ணினீங்களாம்.”

கலரக்காவிடம் இப்படி நறுக்கென்று பேசிவிட்டுத் தப்பித்தவர்கள் குறைவு. கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு முகம் சுட்டது. இத்தனை நாளாகத் தான் மட்டுமே எரிந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள்.

“அக்கா, என் டைல்ஸு,” என்றார் டைல்ஸ்காரர்.

“இருங்க.”

அந்தப் பெண் வண்டிச் சாவியைக் கவுன்டரில் வைத்தாள். “வெளிய நிக்குது. எடுத்துக்கங்க.”

“சாவிய வச்சு நான் என்ன பண்றது? காகிதம் அவன்கிட்ட இருக்கு. இன்னைக்கு நான் எடுத்தா நாளைக்கு அவன் வந்து எடுத்துட்டுப் போவான். மறுபடி ஒரு கலர் அடிப்பான்.”

“இன்னைக்கு அவருக்கு லீவு. வீட்டுலதான் இருப்பாரு,” என்றாள் அந்தப் பெண். “வாங்க போலாம்.”

கலரக்கா முதலாளியைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினாள். அனுமதி கேட்கிறாளா, போய் வருகிறேன் என்கிறாளா என்று அவருக்குப் புரிவதற்குள் அலமாரியிலிருந்து ஒரு சுருள் பாக்கிங் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அவள் ஓட்ட, அந்தப் பெண் பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் இடது விலா கடகடத்தது.

வண்டிச் சத்தம் கேட்டு மேனேஜர் பனியனோடு இறங்கி வந்தான். “அட, ரெண்டு பேரும் சேர்ந்தே வந்துட்டீங்களா,” என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது, விலாவில் மெரூன் ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்து.

“வண்டி யாருது?” என்றாள் அக்கா.

“அக்கா, இங்க வேணாம். உள்ள போய்ப் பேசலாம்.”

“உள்ள பேசிப் பேசித்தான் வெள்ளையாச்சு. இங்கயே சொல்லு.”

தையல் மெஷின் நின்றது. எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலை தெரிந்தது. தண்ணீர் கேன் போட வந்தவன் கேனைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றான். இத்தனை பேர் பார்க்கும்போது மேனேஜருக்கு வீரம் வந்துவிட்டது. தனியாக இருந்திருந்தால் ஒருவேளை அழுதிருப்பான்.

“காகிதத்துல என் பேரு இருக்கு. என் வண்டிய நான் யாருக்கு வேணா குடுப்பேன்.”

கலரக்கா டேப்பின் நுனியைப் பல்லால் கிள்ளி இழுத்தாள். கிர்ரென்று அது பிரிந்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஒரு முழம் டேப்பை மூக்கின் குறுக்கே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, ஒரே இழுப்பு இழுத்தாள். டேப்போடு வெள்ளை வந்தது. மூக்கின் குறுக்கே மெரூனில் ஒரு பட்டை.

“என்ன பண்ற நீ?” என்று தம்பி பாய்ந்து வந்தான்.

“தள்ளி நில்லு. பெயிண்ட் உன்னுது,” என்று டேப்பை அவன் கையில் ஒட்டினாள். “உன்னுதை உன்கிட்டத் தர்றேன்.”

அடுத்த முழம். அடுத்த முழம். மூன்றாவதற்குப் பிறகு டேப்பே தேவைப்படவில்லை. விளிம்பில் நகத்தை விட்டு இழுத்தால் பாலாடை மாதிரி வந்தது. மட்கார்டில் காலுறையைக் கழற்றுவதுபோல் முழுசாகக் கழன்றது. ஒவ்வொன்றையும் உரித்து அவன் கையில் கொடுத்தாள். அவனும், என்ன செய்வதென்று தெரியாமல், வாங்கி வாங்கிக் கையில் அடுக்கிக்கொண்டான்.

அம்மா மேல்படியில் வந்து நின்று தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி, எவ்வளவு அழகா இருந்துச்சு. புள்ளை முதுகொடிய அடிச்சான்டி.”

“நீ துடைச்ச பக்கந்தாம்மா ரொம்ப சுகமா வருது,” என்றாள் மகள் தலை தூக்காமல்.

டெய்லர் சிரித்துவிட்டு, இருமல் என்று காட்டிக்கொண்டாள்.

“இப்படி உரியும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்றான் தம்பி. குரல் உடைந்திருந்தது. “தெரிஞ்சுக்கிட்டேதான் இன்னும் ரெண்டு டப்பா வாங்கச் சொன்னியா? நீயெல்லாம் ஒரு அக்காவா?”

“தெரியும். சொல்லாதது என் தப்பு, அதை இவகிட்ட ஒத்துக்கிட்டேன். நீ ஏன்டா கேக்கல? பெயிண்டுன்னா ஊரே என்கிட்டதான் வருது.”

“கேட்டா நீ விட்டிருப்பியா?”

“அதைத்தான்டா முதல்ல என்கிட்டக் கேட்டிருக்கணும்.”

அவன் கை நிறைய வெள்ளைத் தோலோடு அந்தப் பெண் பக்கம் திரும்பினான். “உனக்காகத்தான் பண்ணினேன். நீ ரெண்டு பஸ் மாறிப் போறது எனக்குத் தாங்கல.”

“அது நிஜம்,” என்றாள் அவள். “மிச்சமெல்லாம் பொய். முட்டி வலி பொய், ஃப்ரெண்டு பொய். நாளைக்கு எனக்கே முட்டி வலின்னு யார்கிட்டயாவது சொல்லுவீங்க. அக்கா பேருக்கு மாத்திக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. அப்புறம் கல்யாணத் தேதி பேசலாம்.”

“தேதி ஏற்கெனவே வச்சாச்சே,” என்றாள் அம்மா மேலிருந்து.

“வச்சது உரிஞ்சுருச்சு அத்தை,” என்றாள் அவள். பிறகு குனிந்து, இடது விலாவில் மிச்சமிருந்த வெள்ளையைத் தானே உரிக்கத் தொடங்கினாள். அத்தை என்ற சொல்லில் துளி மரியாதையும் குறையவில்லை. அதனால்தான் அம்மாவுக்கு அது அப்படி உறைத்தது.

மேனேஜர் எட்டாம் நாள் போக்குவரத்து அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டான். வரிசையில் அக்காவுக்கு முன்னால் நின்று, அக்கா முகத்தைப் பார்க்காமலே பேனாவை நீட்டினான். அவளும் பார்க்காமலே வாங்கினாள். காகிதம் அவள் பேருக்கு வந்த அன்று இனிப்பு கினிப்பு எதுவும் இல்லை. வண்டியைத் துடைத்து, உடைந்த கொக்கிக்குப் பதில் ஒரு திருகாணி போட்டுக்கொண்டு, வேலைக்குப் போனாள். வெளுத்த மெரூன் அப்படியே இருந்தது. நீங்களே ஒரு நல்ல கலர் அடித்துக்கொள்ளக் கூடாதா என்று கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். நேரம் இல்லை என்றாள்.

கோபம் ஆறியதா என்று கேட்டால், அம்மாவிடம் ஆறவில்லை. அம்மா மூன்று முறை காபி கலந்து கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மூன்று முறையும் அது ஆடை படிந்து கிடந்தது. தம்பி செய்தது திருட்டு, திருடினதைத் திருப்பி வாங்கிவிட்டாள். நீ எங்க போகப் போற என்று அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை எங்கே போய்த் திருப்பி வாங்குவது? அம்மாவுக்கு இன்றுவரை தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்பது தெரியாது. டெய்லரிடமே வந்து, “நான் உள்ளதைத்தானே சொன்னேன்,” என்று நியாயம் கேட்டாள். டெய்லர் வாயில் ஊசி இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தாள்.

கண்ணாடிக்கடைப் பெண் மேனேஜரைத்தான் கல்யாணம் செய்துகொண்டாள், வைத்த தேதிக்கு நாலு மாதம் கழித்து. ஏன் செய்துகொண்டாள் என்று தெரு வாய்விட்டே கேட்டது. ரெண்டு பஸ் மாறிப் போவது தாங்கவில்லை என்று அவன் சொன்னானே, அது ஒன்று நிஜம் என்று அவளுக்குப் பட்டது என்கிறார்கள். கல்யாணத்துக்குக் கலரக்கா வந்தாள். வாழ்த்திவிட்டு, குடும்பப் படம் எடுக்கக் கூப்பிடுவதற்குள் கிளம்பிவிட்டாள். புதுத் தம்பதி கண்ணாடிக்கடைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். இப்போது அந்தப் பெண் நடந்தே வேலைக்குப் போகிறாள், அவன் ரெண்டு பஸ் மாறிப் போகிறான்.

கலரக்கா அடுத்த வருடம் பெயிண்ட் கடையின் துறைமுக ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். நூறு மைல் தூரம். சாமானை லாரியில் ஏற்றிவிட்டு வண்டியில்தான் போனாள். அங்கே ஒரு கப்பல் பெயிண்டரோடு அவளைப் பார்த்ததாக ஒரு பேச்சு உண்டு, கல்யாணமே ஆகிவிட்டதாக இன்னொரு பேச்சு. இரண்டையும் கொண்டுவந்தது தண்ணீர் கேன் போடுகிறவன், அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். அம்மா மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு மகன் வீட்டுக்குப் போகிறாள், பஸ்ஸில்.